நிலவிலிருந்து நேரலை… அப்புறம் அந்த டேப்புகள்?

நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைக்கும் அந்த மங்கலான காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. அது ஏன் அவ்வளவு மங்கல் என்று யோசித்ததுண்டா? பூமிக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் படம் அத்தனை மோசமாக இல்லை!

1969 ஜூலையில் அப்போலோ 11 கொண்டுபோன கேமரா விநாடிக்கு 10 பிரேம்கள்தான் எடுக்கும், அதுவும் 320 வரிகளில். பேச்சு, வீரர்களின் இதயத்துடிப்பு, கலத்தின் அளவீடுகள் எல்லாம் ஒரே சிக்னலில் நெருக்கியடித்துக்கொண்டு வந்ததால், படத்துக்கு அவ்வளவுதான் இடம் கிடைத்தது. அமெரிக்க டிவிக்கோ 30 பிரேம், 525 வரி வேண்டும். அதற்குச் செய்த வழி வேடிக்கையானது. தரை நிலையத்தில் ஒரு சின்னத் திரையில் படத்தை ஓடவிட்டு, அதன் எதிரே ஒரு டிவி கேமராவை நிறுத்திப் பிடித்தார்கள். (தியேட்டரில் செல்போனில் படம் பிடிப்பது மாதிரிதான்.) குறைந்த பிரேம்களை ஈடுகட்ட, பிடித்ததைக் காந்தத் தட்டில் பதிந்து திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தெளிவு அங்கேயே குறைந்துவிட்டது.

சிக்னலை வாங்கியது ஒரு நிலையமல்ல, மூன்று. கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகே ஹனிசக்கிள் க்ரீக், பிறகு பார்க்ஸ். ஆஸ்திரேலியப் படங்கள் இரண்டும் சிட்னிக்கு வரும். நல்லதை அங்கே தேர்ந்தெடுத்து ஹூஸ்டனுக்கு அனுப்புவார்கள். ஹூஸ்டன் அதையும் கோல்ட்ஸ்டோன் படத்தையும் ஒப்பிட்டு உலகத்துக்கு விடும்.

முதலில் கோல்ட்ஸ்டோன் படம் போனது. தலைகீழாக! கேமராவைக் கலத்தில் தலைகீழாகத்தான் பொருத்தியிருந்தார்கள். நிமிர்த்தும் சுவிட்ச் நிலையத்தில் இருந்தது. நிமிர்த்திய பிறகும் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாகவே தெரிந்தது. ஆம்ஸ்ட்ராங் கால் வைப்பதற்குச் சற்று முன் ஹனிசக்கிள் க்ரீக்குக்கு மாற்றினார்கள். பார்க்ஸில் அப்போது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகக் காற்று அந்த 64 மீட்டர் டிஷ்ஷை உலுக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நிலவு பார்வைக்குள் ஏறியதும் பார்க்ஸ் படம்தான் எல்லாவற்றிலும் தெளிவு. ஒன்பது நிமிடம் போல் ஆனபின் அதற்கு மாறியவர்கள், மீதி இரண்டரை மணி நேரமும் அதிலேயே நின்றுவிட்டார்கள். சுமார் 60 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள்.

எதை ஒளிபரப்புவது என்பதில் இவ்வளவு கவனம். பதிவு செய்ததில்?

மாற்றப்படாத அசல் சிக்னலையும் நிலையங்கள் பெரிய டேப்புகளில் பதிந்துதான் வைத்தன, நேரலை கெட்டுப்போனால் உதவட்டும் என்று. நேரலை கெடவில்லை. அதனால் டேப்புகளை யாரும் தேடவில்லை. பிற்பாடு நாசாவுக்கு டேப் தட்டுப்பாடு வந்தபோது, பழைய டேப்புகளை ஆயிரக்கணக்கில் அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். செலவுக் கணக்கில் பார்த்தால் குறை சொல்ல முடியாத முடிவு! கலத்தின் அளவீடுகள் என்று லேபிள் ஒட்டிய டேப்புக்குள் நிலவுக் காட்சி இருப்பதை யார் நினைத்திருப்பார்கள்?

பல ஆண்டு தேடலுக்குப் பின், அவை அழிந்திருக்க வேண்டும் என்று 2009இல் நாசா ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சி நிறுவனங்களிடம் எஞ்சிய ஒளிபரப்புப் பதிவுகளை வைத்தே படத்தைச் சீரமைத்தார்கள். அசல் எப்படி இருந்தது என்று காட்ட, அன்று நிலையங்களில் மானிட்டர் திரையை நேராகப் பார்த்து எடுத்த சில புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆம்ஸ்ட்ராங் டிவியில் தெரிந்ததைவிட நன்றாகவே தெரிகிறார்.