சிவப்புக் கொடி: நோயின் பெயரும் செயலின் சாட்சியமும்

அமெரிக்காவில் பள்ளியிலோ அங்காடியிலோ துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த மறுநாள் இரு குரல்கள் தவறாமல் எழும். மனநோயாளிகளின் கையில் துப்பாக்கி கிடைத்ததே காரணம் என்பது ஒன்று. விசாரணையின்றி எந்தக் குடிமகனின் துப்பாக்கியையும் பறிக்கலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவை 'சிவப்புக் கொடி' சட்டங்கள். செங்கொடி என்றதும் நம் நினைவுக்கு வரும் கொடியன்று இது. தண்டவாளத்தில் விரிசலைக் கண்டவர் ரயிலை நிறுத்த அசைக்கும் கொடி. ஒருவர் தம்மையோ பிறரையோ சுட்டுவிடக்கூடும் என்று காவலரோ, பல மாநிலங்களில் குடும்பத்தாரோ முறையிட்டால், அவருடைய துப்பாக்கிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு அகற்றிவைக்க நீதிமன்றம் ஆணையிடலாம்.

இந்த எண்ணம் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1836இல் மாசசூசெட்ஸ் இயற்றிய சட்டத்தின்படி, தக்க காரணமின்றி ஆயுதம் தரித்துத் திரியும் ஒருவரால் தமக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சுபவர் நீதிபதியிடம் முறையிடலாம். அச்சம் நியாயமானதெனக் கண்டால், ஆறு மாதம் வரை அமைதி காப்பதாக அவரிடம் பிணை கேட்கலாம். அவர் நோயாளியா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

அக்கேள்வி பிற்பாடு வந்தது. 1963இல் ஜான் கென்னடியும், 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பின் இயற்றப்பட்ட 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 'மனக்குறைபாடுடையவர்' என்று தீர்ப்பிடப்பட்டோரையும் மனநலக் காப்பகத்துக்கு ஆணையின்பேரில் அனுப்பப்பட்டோரையும் ஒட்டுமொத்தமாக விலக்கியது. அன்று காப்பகத்துக்குள் அனுப்பப்படுவது எத்தனை எளிதாக இருந்தது என்பதற்குக் கென்னத் டொனால்ட்சனின் வழக்கே சான்று. தந்தையின் மனுவின்பேரில் 1957இல் ஃபுளோரிடா அரசு மருத்துவமனையில் அடைக்கப்பட்ட அவர், எவருக்கும் தீங்கு செய்தவரல்லர். ஆயினும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உள்ளேயே கிடந்தார். ஆபத்தற்றவரும் தாமாக வாழ வல்லவருமான ஒருவரை வெறுமனே அடைத்துவைக்க அரசுக்கு உரிமையில்லை என்று உச்சநீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. இத்தகைய காவலுக்குத் தெளிவும் உறுதியுமான சான்று வேண்டும் என்று 1979இல் மற்றொரு வழக்கில் கூறியது. நோயின் பெயர் ஆபத்துக்குச் சான்றாகாது என்ற பாடம் இப்படிப் பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது.

1998 மார்ச்சில் கனெக்டிகட் லாட்டரித் தலைமையகத்தில் ஊழியர் ஒருவர் நான்கு அதிகாரிகளைச் சுட்டுக் கொன்று தாமும் மாய்ந்தார். அடுத்த ஆண்டே அம்மாநிலம் முதல் சிவப்புக் கொடிச் சட்டத்தை இயற்றியது. நீதிபதி முதலில் பார்க்க வேண்டியவை அண்மைக்கால மிரட்டல்கள், வன்செயல்கள், விலங்குகளுக்கு இழைத்த கொடுமை ஆகியன. துப்பாக்கிகளைக் கைப்பற்றிய 14 நாட்களுக்குள் விசாரணை நடந்தாக வேண்டும்.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை இண்டியானாபொலிஸ் நகரம் கண்டது. 2004 ஜனவரியில் மனநோயால் அவதியுற்ற ஒருவரிடமிருந்து காவலர்கள் துப்பாக்கிகளை எடுத்தனர். வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லாததால் மார்ச்சில் திருப்பிக் கொடுத்தனர். ஆகஸ்டில் அவர் தம் தாயையும் ஜேக் லேர்ட் என்ற காவலரையும் கொன்றார். 2005இல் வந்த இண்டியானா சட்டம் அக்காவலரின் பெயரால் வழங்குகிறது.

ஆயினும் எதிர்த்தரப்பின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதல் ஆணை பெரும்பாலும் எதிர்வாதியைக் கேளாமலே பிறப்பிக்கப்படுகிறது. இது குற்றவழக்கு அன்று என்பதால், வசதியற்றவருக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தருவதும் பொதுவாக இல்லை. 2019இல் கொலராடோ இயற்றிய சட்டம் அதைத் தருவது விதிவிலக்கு. 2018 நவம்பரில் மேரிலாந்தில், சட்டம் நடைமுறைக்கு வந்து ஓரிரு மாதமே ஆகியிருந்த நிலையில், ஆணையைக் கொடுக்க விடியற்காலையில் சென்ற காவலர்கள் அவ்வீட்டாரைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. மனைவியோடு பூசலிட்ட ஒருவர் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்ற வேளையில், ரோட் ஐலண்ட் காவலர்கள் ஆணையின்றி வீடு புகுந்து அவருடைய துப்பாக்கிகளை எடுத்தது தவறு என்று 2021இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர்.

நோயை வாசற்படியாக வைத்தால் என்னாகும் என்பதற்கு மேய்ன் மாநிலம் உதாரணம். அங்கு 2019இல் வந்த 'மஞ்சள் கொடி' சட்டம், முதலில் ஆளைக் காவலில் எடுத்து மருத்துவ மதிப்பீடு செய்த பின்னரே நீதிபதியை அணுகச் சொன்னது. 2023 அக்டோபரில் லூயிஸ்டனில் 18 பேரைக் கொன்றவரைப் பற்றிக் குடும்பத்தாரும் உடன் பணியாற்றிய படையினரும் முன்பே எச்சரித்திருந்தனர். அவரைக் காவலில் எடுக்கப் போதிய காரணம் இருந்தது என்று விசாரணைக் குழு பின்னர் கண்டது, எவரும் எடுக்கவில்லை. 2025 நவம்பரில் அம்மாநில வாக்காளர்கள் சிவப்புக் கொடிச் சட்டத்தை ஏற்றனர்.

2024இல் ரஹிமி வழக்கில் உச்சநீதிமன்றம், பிறருக்கு மெய்யான அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்ட ஒருவரைத் தற்காலிகமாக நிராயுதபாணியாக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முன்னுதாரணமாக அது சுட்டியவற்றுள் அந்தப் பழைய பிணைச் சட்டங்களும் உண்டு. அது குடும்ப வன்முறை தொடர்பான வழக்கு. சிவப்புக் கொடிச் சட்டங்களைப் பற்றி நேரடியாக ஏதும் கூறவில்லை. ஆனால் அதன் தர்க்கம் செல்லும் திசை தெளிவு: நீதிபதியின் முன் வைக்கத்தக்க செயல் வேண்டும், கால வரம்பு வேண்டும்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் மடிவோரில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்பவர்கள். எனவே இச்சட்டத்தை முதலில் நாடக்கூடியவர் பெரும்பாலும் ஒரு மனைவி, ஒரு தாய். தம் முறையீடு அன்புக்குரியவரை வாழ்நாள் முழுதும் 'மனக்குறைபாடுடையவர்' ஆக்கிவிடும் என்று தோன்றினால் அவர் வாய் திறக்கமாட்டார்; நோயுற்றவரும் மருத்துவரிடம் போகமாட்டார். உரிய சட்ட நடைமுறை என்பதைத் துப்பாக்கி உரிமையாளரின் கேடயமாக மட்டுமே காண்பது குறைவான பார்வை. கொடியை அசைப்பவருக்கும் அந்நடைமுறையே துணிவு தருகிறது.