1958-இல் ஒரு ரோல்பேக்

புது வெர்ஷன் சொதப்பினா பழசுக்கே திரும்புறதை நாங்க ரோல்பேக்னு சொல்வோம். அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி 1958 மாடல் கார்களில் அதைச் செய்தது.

கார்ப்யுரேட்டரில், உள்ளே போகிற காற்றே பெட்ரோலை இழுத்துக்கும். கணக்குப் போட யாரும் வேண்டாம். பெண்டிக்ஸ் கம்பெனியின் எலெக்ட்ரோஜெக்டர் வேற மாதிரி. காற்றின் அழுத்தம், எஞ்சின் வேகம் இரண்டையும் பார்த்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி முடிவு செய்யும். இன்றைய கார்களின் அடிப்படையும் இதேதான்.

கிரைஸ்லர் 300டி, டிசோட்டோ அட்வென்சரர் போன்ற மாடல்களில் சுமார் 35 கார்களுக்குத்தான் அது பொருத்தப்பட்டது. அன்றைய எலெக்ட்ரானிக் பாகங்கள் எஞ்சின் சூட்டைத் தாங்கலை. வாங்கினவங்க கார்களில் பெரும்பாலானவற்றில் அதைக் கழற்றிட்டு, கார்ப்யுரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள்.

ஆனா ஐடியா சாகலை. பெண்டிக்ஸின் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்குப் போனது. 1967-இல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. அதற்குள் டிரான்சிஸ்டர்கள் தேறியிருந்தன.

அதனால அந்த ரோல்பேக்கைத் தோல்வின்னு எழுதிட முடியாது. நல்ல பாகங்கள் வர்ற வரைக்கும் வண்டி ஓடணுமே! அந்த வேலையைக் கார்ப்யுரேட்டர் பார்த்துக்கிச்சு.