தங்கக்கையும் ஒப்புக்குச் சப்பாணியும்

ரமணாசிரம வாயிலில் நிற்கையில் மகரிஷி கோவணமும் கமண்டலமுமாகவே நம் நினைவில் எழுகிறார். ஆனால் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர், மதுரையில் பந்தாடியும் மல்லுக்கு நின்றும் நீந்தியும் வளர்ந்த பதினாறு வயதுப் பையன். அவன் சேர்ந்த கட்சியே வென்றுகொண்டிருந்ததால் கூட்டாளிகள் அவனைத் 'தங்கக்கை' என்று அழைத்தார்கள். சரித ஆசிரியர்கள் இதைப் பின்னாளைய மகிமைக்கு முன்னறிகுறியாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். நமக்கு எழும் கேள்வி வேறு. தங்கக்கை இல்லாத கட்சியில் நின்ற பையன்கள் எதை நம்பி ஆடவந்தார்கள்?

தமிழ்ச் சிறுவர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். உத்தி பிரித்தல் என்று பெயர். தலைவர் இருவர் ஓரிடத்தில் நிற்க, மற்றவர்கள் வலிமையில் நிகரான இருவர் இருவராகத் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போவார்கள். ஒருவன் சூரியன், மற்றவன் சந்திரன் என இரகசியமாகப் பெயரிட்டுக்கொண்டு திரும்புவார்கள். எது வேண்டும் என்று கேட்டால் தலைவன் பெயரைத்தான் தேர்வான், ஆளையல்ல. ஆகவே கட்சிகள் ஏறக்குறையச் சமமாகும். யாரும் வேண்டாதவனாகக் கடைசியில் மிஞ்சி நிற்பதில்லை. நாம் வியப்பது இதன் அடியில் உள்ள நேர்மையைத்தான். தனக்கு நிகர் யார் என்பதைச் சிறுவன் தானே கண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கக்கையே ஆனாலும் இணையொன்று தேடித்தான் தீரவேண்டும்.

இணை கிடைக்காத பொடியன் ஒப்புக்குச் சப்பாணி. (கால் முடங்கியவரைக் குறிக்கும் சொல்லை இதற்கு எடுத்துக்கொண்டது கொடுமைதான்.) அவன் இரு பக்கமும் ஓடலாம், பிடிபட்டாலும் கணக்கில்லை. ஆனால் அவன் பிடித்தாலும் கணக்கில்லை என்பதை மறந்துவிட்டு இம்முறையைப் புகழ நமக்கு மனம் வரவில்லை.

1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைப் போன்றவை ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அனுப்பத் தொடங்கியபின், பள்ளி மைதானங்களில் கட்சி பிரிக்கும் வேலை மெல்ல விசிலுக்குரியவர் கைக்குப் போயிற்று.

சடுகுடு கபடியாக விதிபெற்ற வரலாறும் இங்கே கவனிக்கத்தக்கது. அதில் மூன்று வகைகள் இருந்தன. காமினியில் ஆட்டமிழந்தவன், தன் கட்சி முழுவதும் விழும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். பலவீனனுக்கு அன்றைய ஆட்டம் பெரும்பாலும் அத்துடன் சரி. அமரில் எதிரணிக்குப் புள்ளி போகும், ஆள் களத்திலேயே இருப்பான். சஞ்சீவனியில் எதிரணியில் ஒருவன் விழுந்தால் நம்மில் ஒருவன் உயிர்த்தெழுவான். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக நுழைந்த கபடி இந்தச் சஞ்சீவனியின் வழியில் வந்ததே. வெற்றியின் சூடும் குறையவில்லை, விழுந்தவனுக்கு வழியும் அடைபடவில்லை. ஆனால் பன்னிருவர் அணியில் களமிறங்குவோர் எழுவரே. வெளியே அமர்ந்த ஐவருக்குச் சஞ்சீவனி இல்லை. பள்ளி அணியிலாவது அவர்களை முறைவைத்து இறக்கலாம் என்பது நம் கட்சி.

தங்கக்கைக்கு வருவோம். 1899 முதல் விரூபாட்ச குகையில் வாழ்ந்த ஆண்டுகளில், மலையேறி வந்த குழந்தைகளோடு அவர் கோலி விளையாடியதைச் சரிதங்கள் சொல்கின்றன. மதுரைப் பட்டப்பெயர் அந்தப் பிள்ளைகளுக்கு எட்டியிருக்க நியாயமில்லை.