பிரெடாவுக்குப் போன ஏழாம் சேனை: 1940இல் பிரான்சுக்கு இருந்த மாற்று வியூகம்

நடக்காத போரை ஆராய்வதற்கு ஒரு வரம்பு உண்டு. அன்று முடிவெடுத்தவர்கள் முன் உண்மையாகவே இருந்த வழிகளைத்தான் எடுத்துப் பேச வேண்டும். நமக்கு இன்று தெரிந்ததை அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது. பிரான்சின் 1940 மே மாதத் தோல்வியைப் பொறுத்தவரை, சேமப் படையைக் கையிலேயே வைத்திருப்பது என்ற அப்படியொரு மாற்று வழிக்கான காரணம் எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் படையை அனுப்பிவிட்ட பிறகு, மியூஸ், மோசெல் ஆறுகளுக்கு இடையே நம் நடுப்பகுதியை எதிரி தாக்கினால், திருப்பித் தாக்க நம்மிடம் படை இருக்காது என்று வடகிழக்கு முனையின் தளபதி ஜெனரல் ஜார்ஜ் 1939 டிசம்பரிலேயே எச்சரித்தார்.

தலைமைத் தளபதி கமலென் அதை ஏற்கவில்லை. 1939 நவம்பரில் முடிவான டைல் திட்டம் நேச நாட்டுப் படைகளை பெல்ஜியத்தின் நடுப்பகுதிவரை கொண்டு சென்றது. 1940 மார்ச்சில் அதோடு பிரெடா நகர்வும் சேர்ந்தது. ரேன்ஸ் பகுதியில் பொதுச் சேமப் படையாக இருந்த ஜெனரல் ஜிரோவின் ஏழாம் சேனை, கடலோரமாக நெதர்லாந்துக்குள் விரைந்து டச்சுப் படையோடு கைகோக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. 1914-18இல் வட பிரான்சின் சுரங்கங்களும் ஆலைகளும் பட்ட பாட்டை மறக்காத தலைமுறை அது; அடுத்த போராவது தம் மண்ணில் நடக்கக் கூடாது என்று எண்ணியது. பெல்ஜிய, டச்சு டிவிஷன்கள் தங்களோடு சேர்ந்தால், எண்ணிக்கையில் ஜெர்மனிக்கு ஈடுகொடுக்கலாம் என்ற கணக்கும் இருந்தது.

ஆனால் அந்த நகர்வால் கிடைத்தது என்ன? மே 10 அன்றே நெதர்லாந்தின் மோர்டைக் பாலங்களை ஜெர்மன் பாராசூட் வீரர்கள் பிடித்துவிட்டனர். ஏழாம் சேனையின் முன்னணி பிரெடாவை எட்டியபோது, கைகோக்க டச்சுப் படை அங்கே இல்லை. மே 13 அன்று ஜெர்மன் தளபதி குடேரியனின் டாங்கிப் படைப்பிரிவு செடானில் மியூஸைக் கடந்தது. ரேன்ஸிலிருந்து செடான் சுமார் 80 கி.மீ. தொலைவுதான். பிரான்சின் விரைவான டிவிஷன்களில் சிலவோ அந்நேரம் வடகோடியில் இருந்தன. மே 16 அன்று பாரிசுக்குப் பறந்து வந்த சர்ச்சில், சேமப் படை எங்கே என்று கேட்டதற்கு, அப்படி எதுவும் இல்லை என்பதே கமலெனின் பதில்.

சேமப் படை இருந்திருந்தால் மட்டும் போதுமா என்ற மறுப்பு வலுவானது. செடானுக்குத் தெற்கே மே 14 அன்று தாக்கியிருக்க வேண்டிய மூன்றாம் கவச டிவிஷனை, வந்து சேரத் தாமதமானது என்பதற்காகத் தளபதி ஃப்ளவின்யி பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சிறு சிறு கூறுகளாகப் பரப்பி நிறுத்திவிட்டார். கமலெனின் வின்சென் தலைமையகத்தில் வானொலித் தொடர்புகூட இல்லை. இத்தகைய தலைமையின் கீழ் ஏழாம் சேனையும் துண்டு துண்டாகச் சிதறியிருக்கலாம். செடானில் ஆற்றைக் கடந்ததையே அது முறியடித்திருக்கும் என்று நான் வாதிடவில்லை.

என் வாதம் அதற்கடுத்த நாட்களைப் பற்றியது. மேற்கே கடலை நோக்கி ஓடிய ஜெர்மன் டாங்கிகளுக்கும், பின்னால் நடந்து வந்த காலாட்படைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. நீண்டுபோன அந்தத் தெற்கு விலாவைக் கண்டு ஹிட்லரே அஞ்சினார். மே 17 அன்று குடேரியனுக்கு நிறுத்த உத்தரவு வந்தது. அதே நாளில் அந்த விலாவை மோன்கோர்னேயில் தாக்கியது, இன்னும் முழுமையாக உருவாகாத ஒரு கவச டிவிஷன். அதை நடத்தியவர் கர்னல் டிகால். தாக்கிய இடம் சரி, படைபலம்தான் போதவில்லை. ரேன்ஸில் நிறுத்தப்பட்ட சேனைக்கு அந்த விலாதான் இயல்பான இலக்காக இருந்திருக்கும். மெதுவாக முடிவெடுக்கும் தலைமைக்குக்கூட மே 13க்கும் 17க்கும் இடையே நான்கு நாட்கள் கிடைத்திருக்கும். ஜெர்மன் தலைமையின் அச்சம் மெய்யாகியிருந்தால், மே 20 அன்று அவர்களுடைய டாங்கிகள் அப்வில் சென்று கடலைத் தொட்டிருக்க வாய்ப்புக் குறைவு. வடக்கே இருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சு, பெல்ஜியப் படைகளுக்குத் தெற்கு நோக்கிப் பின்வாங்க வழியும் திறந்தே இருந்திருக்கும்.