பணியிட அறிவிப்புப் பலகையில் ஊதிய விவரம்: தொழிலாளர்கள் அறிய வேண்டிய விதிகள்

ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு ஊதியம் தரப்பட வேண்டும், எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம், ஊதியம் எந்தத் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் ஆகிய விவரங்களைப் பணியிடத்திலேயே எழுதி வைப்பது வேலையளிப்பவரின் சட்டப்பூர்வக் கடமையாகும். தனக்கு உரிய தொகை எவ்வளவு என்று அறியாத தொழிலாளியால், தனக்குக் குறைத்துத் தரப்பட்டிருக்கிறது என்பதையும் அறிய இயலாது. இந்த எளிய காரணத்தினாலேயே இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் தொடக்கம் முதலே அறிவிப்புப் பலகையை வலியுறுத்தி வந்துள்ளன.

பழைய சட்டங்களில் பலகை

1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், தன் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களின் மொழியிலும் காட்சிப்படுத்துமாறு கூறியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகளைத் தொழிற்சாலையின் முதன்மை வாயிலிலோ அதன் அருகிலோ எளிதில் கண்ணில் படும் இடத்தில் வைக்குமாறு பணித்தது. பெரியவர்கள் எந்த நாளில் எந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைக் காட்டும் வேலை நேர அறிவிப்பையும் அது கட்டாயமாக்கியது.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட குறைந்தபட்ச ஊதியச் சட்டமும், அதன்கீழ் 1950இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகளும் இன்னும் ஒரு படி மேலே சென்றன. ஊதிய விகிதம், சட்டச் சுருக்கம், ஆய்வாளரின் பெயர், முகவரி ஆகியவை பலகையில் இடம்பெற வேண்டும். பலகை தூய்மையாகவும் படிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். அதை வைக்கும் இடத்தை ஆய்வாளரே தேர்வு செய்யலாம் என அவ்விதிகள் கூறின.

புதிய சட்டத் தொகுப்பு கூறுவது

29 தொழிலாளர் சட்டங்களை ஒருங்கிணைத்த நான்கு சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அவற்றுள் ஒன்றான 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின் 50ஆவது பிரிவு, நிறுவனத்தின் முக்கியமான இடத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் கீழ்க்கண்டவை இடம்பெற வேண்டும் என்கிறது:

• சட்டத் தொகுப்பின் சுருக்கம்
• பணியாளர்களின் வகைவாரியான ஊதிய விகிதம்
• ஊதியக் காலம், அதாவது நாள், வாரம், இரு வாரம் அல்லது மாதம்
• ஊதியம் வழங்கப்படும் நாள் அல்லது தேதியும் நேரமும்
• அப்பகுதிக்கு உரிய ஆய்வு அதிகாரியின் பெயரும் முகவரியும்

இத்துடன் ஒவ்வொரு பணியாளருக்கும் ஊதியச் சீட்டு வழங்குவதும் கட்டாயம். வேளாண்மை அல்லது வீட்டு வேலைக்காக ஐந்து பேருக்கு மிகாமல் அமர்த்தியிருப்பவர்களுக்கு இப்பிரிவிலிருந்து விலக்கு உண்டு. எனினும் அதிகாரி கேட்கும்போது, ஊதியம் வழங்கியதற்கான ஆதாரத்தை அவர்களும் காட்ட வேண்டும்.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் குறித்த 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தை வரம்பாக வைக்கிறது. பொதுவாக வாரத்தில் ஆறு நாள்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொழிலாளியின் ஒப்புதலின்றி மிகைநேர வேலை வாங்க இயலாது. அதற்கு வழக்கமான ஊதியத்தைப் போல் இரு மடங்கு தர வேண்டும். வேலை நேர அறிவிப்பைக் காட்சிப்படுத்தும் கடமை இத்தொகுப்பிலும் தொடர்கிறது.

எந்த அரசின் விகிதம் பொருந்தும்?

ரயில்வே, சுரங்கம், எண்ணெய் வயல்கள், பெருந்துறைமுகங்கள், வங்கி, காப்பீடு, மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் முதலியவற்றுக்கு மத்திய அரசு ஊதியத்தை நிர்ணயிக்கிறது. ஏனைய கடைகள், தொழிற்சாலைகள், தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு அந்தந்த மாநில அரசே நிர்ணயிக்கிறது. ஆகவே ஒரே வேலைக்கு மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் மாறுபடும். பலகையில் இருக்க வேண்டிய தொகையும் மாறுபடும்.

எடுத்துக்காட்டாக, மத்திய அரசின் வரம்பில் வரும் கட்டுமானம், துப்புரவு முதலிய பணிகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தின்படி, 'ஏ' பிரிவுப் பகுதிகளில் திறன் பெறாத தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 783 ரூபாய், பகுதித் திறன் பெற்றவருக்கு 868 ரூபாய், திறன் பெற்றவருக்கு 954 ரூபாய், உயர்திறன் பெற்றவருக்கு 1,035 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அகவிலைப்படி ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் மற்றும் அக்டோபரில் திருத்தப்படுவதால், பலகையில் உள்ள தொகையும் அதற்கேற்ப மாற வேண்டும். ஓராண்டுக்கு முந்தைய பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தால், அது தொழிலாளிக்கு உதவுவதற்குப் பதிலாக அவரைத் தவறான கணக்குக்கே இட்டுச் செல்லும்.

தேசிய அளவில் 1996இல் 35 ரூபாயாகத் தொடங்கிய அடிப்படை ஊதியம் 2017இல் 176 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆயினும் அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாத பரிந்துரையாகவே இருந்தது. புதிய சட்டத் தொகுப்பு அதற்குச் சட்ட வலுவை அளித்துள்ளது. மத்திய அரசு நிர்ணயிக்கும் அடிப்படை ஊதியத்துக்குக் கீழாக எந்த மாநிலமும் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்க இயலாது.

பலகையில் இல்லையேல் அபராதம் இல்லை

பலரும் கவனிக்காத ஒரு பாதுகாப்பு இச்சட்டத்தில் உள்ளது. தாமதமாக வருதல் போன்ற காரணங்களுக்காகத் தொழிலாளியிடம் அபராதம் பிடித்தம் செய்ய வேண்டுமானால், எந்தெந்தச் செயல்களுக்கு அபராதம் உண்டு என்பதை அரசின் முன் ஒப்புதலுடன் முன்கூட்டியே பணியிடத்தில் அறிவித்திருக்க வேண்டும். அவ்வாறு அறிவிக்கப்படாத செயலுக்கு அபராதம் விதிக்க இயலாது. விதித்தாலும் ஒரு ஊதியக் காலத்தின் அபராதம் அக்கால ஊதியத்தில் மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தவணை முறையிலோ, 90 நாள்களுக்குப் பின்னரோ வசூலிக்கவும் கூடாது. பல்வேறு வகைப் பிடித்தங்கள் அனைத்தும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைக் கடக்கக் கூடாது.

ஊதியம் வழங்கும் தேதி

மாத ஊதியம் அடுத்த மாதத்தின் ஏழாம் நாள் முடிவதற்குள் வழங்கப்பட வேண்டும். நாள் கூலி வேலை முறை முடியும்போதும், வார ஊதியம் வார விடுமுறைக்கு முன்பும் தரப்பட வேண்டும். பணியிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் தாமே விலகியவருக்கும் இரண்டு வேலை நாள்களுக்குள் நிலுவையைத் தீர்க்க வேண்டும். ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டால், வேலை நடக்கும் நிறுவனத்தின் உரிமையாளரே அதற்குப் பொறுப்பாவார்.

குறைவான ஊதியம்: கணக்கும் தீர்வும்

மேற்கூறிய 783 ரூபாய்க்கு உரிய ஒருவருக்கு நாளொன்றுக்கு 650 ரூபாய் தரப்படுவதாகக் கொள்வோம். நாளுக்கு 133 ரூபாய் குறைகிறது. மாதம் 26 வேலை நாள்களுக்கு 3,458 ரூபாய். ஓராண்டில் 41,496 ரூபாய். இத்தகைய கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் எழுப்பலாம் என்பதால், மூன்று ஆண்டுக் குறைவு 1,24,488 ரூபாயாகிறது. உரிய அதிகாரி நிலுவையுடன், கோரிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம்.

தொழிலாளி தாமே மனு அளிக்கலாம். அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கமோ ஆய்வு அதிகாரியோ அவர் சார்பில் அளிக்கலாம். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த பலர் ஒரே மனுவாகவும் அளிக்கலாம். ஊதியம் முழுமையாக வழங்கப்பட்டது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையளிப்பவரையே சாரும். தொழிலாளியிடம் கணக்குப் புத்தகம் இல்லை என்பது அவரது கோரிக்கையைத் தள்ளுபடி செய்யக் காரணமாகாது.

குறைத்து ஊதியம் தருவோருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பலகை வைக்காதது உள்ளிட்ட பிற மீறல்களுக்கு 20,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் இவ்வகை மீறல்களில் வழக்குத் தொடுப்பதற்கு முன்பு, குறையைச் சரிசெய்ய வேலையளிப்பவருக்கு எழுத்துமூலம் ஒரு வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் அதே மீறல் தொடர்ந்தால் அந்த வாய்ப்பு இல்லை.

புலம்பெயர் தொழிலாளரும் மொழியும்

1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானப் பணியாளர்கள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழாக வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பலகையின் மொழி பெரும்பான்மையினரைப் பொறுத்தே தீர்மானிக்கப்பட்டு வந்துள்ளது. குஜராத்தில் வேலை செய்யும் ஒடிசா தொழிலாளிக்கும், மும்பையில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளிக்கும் எதிரே பலகை இருந்தும் எழுத்து புரியாமல் போகக்கூடும். அத்தகையோர் தமக்குப் படித்துச் சொல்லும் சக தொழிலாளியையோ தொழிற்சங்கத்தையோ நாடுவதே நடைமுறை வழி.

பலகையில் உள்ள ஊதிய விகிதம், அது எந்தத் தேதி முதல் பொருந்துகிறது என்ற குறிப்பு, அதிகாரியின் முகவரி ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும், மாதந்தோறும் ஊதியச் சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாப்பதும், வேலை செய்த நாள்களையும் மிகைநேரத்தையும் தாமே குறித்து வைப்பதும் பின்னாளில் கோரிக்கை எழுப்பும்போது பெரிதும் உதவும். பலகையே இல்லாத இடங்களில், மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் நடப்பு ஊதிய விகிதத்தைக் கேட்டறியலாம்.