சாந்திநிகேதனுக்கு ஒருநாள் பயணம்: புதன்கிழமையைத் தவிர்ப்பது ஏன்?

கொல்கத்தாவிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில், மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் அமைந்துள்ளது சாந்திநிகேதன். ரவீந்திரநாத் தாகூர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த இந்த ஊர், 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியாவிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற 41-ஆவது இடம் இது. பட்டியலில் உள்ள கோட்டைகளையும் குகைகளையும் போல இது மனிதர் விட்டுச்சென்ற இடமன்று. இங்கு இன்றும் பாடம் நடக்கிறது, தேர்வு நடக்கிறது, மாணவர்கள் விடுதிகளில் வாழ்கின்றனர். எனவே, எந்தக் கிழமையில் செல்வது என்பதை முடிவு செய்த பின்னரே பயணச்சீட்டு எடுப்பது நல்லது.

நாடு முழுவதும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால், விஸ்வபாரதிக்கு வார விடுமுறை புதன்கிழமை. தாகூரின் தந்தை தேவேந்திரநாத் பிரம்ம சமாஜத்தின் முன்னோடிகளுள் ஒருவர். அம்மரபின்படி புதன்கிழமை காலையில் இங்குள்ள உபாசனை மண்டபத்தில் கூட்டு வழிபாடு நடைபெறுகிறது. அன்று வகுப்புகள் இல்லை, அருங்காட்சியகமும் மூடப்பட்டிருக்கும். விவரம் அறியாமல் புதன்கிழமை வந்திறங்கும் பயணி, பூட்டிய வாயில்களையே பெரிதும் பார்த்துத் திரும்ப நேரிடும்.

சாலை வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர் தொலைவு. ஆயினும் ரயிலே வசதியானது. ஹவுராவிலிருந்து போல்பூர் சாந்திநிகேதன் நிலையத்துக்கு விரைவு ரயில்கள் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் சென்றடைகின்றன. பெயரைப் பார்த்துப் பலரும் சாந்திநிகேதன் விரைவு ரயிலையே தேர்ந்தெடுக்கின்றனர். அது ஹவுராவில் காலை 10 மணிக்கு மேல் புறப்படுவதால், போல்பூரை அடைவதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். காலை 6 மணியளவில் புறப்படும் கணதேவதா விரைவு ரயிலே ஒருநாள் பயணத்துக்கு ஏற்றது. பீர்பூம் மண்ணின் எழுத்தாளர் தாராசங்கர் பந்த்யோபாத்யாயாவின் நாவல் பெயரைத் தாங்கிய ரயில் அது. நிலையத்திலிருந்து வளாகத்துக்கு உள்ளூரில் டோட்டோ எனப்படும் மின்கல ரிக்‌ஷாக்கள் கிடைக்கின்றன.

இங்கு பல்கலைக்கழகம் உருவாகும் என்று 1863-இல் யாரும் எண்ணியிருக்க இயலாது. அவ்வாண்டு தேவேந்திரநாத் தாகூர் இப்பகுதியில் 20 பீகா, அதாவது ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். செம்மண் பொட்டலில் நின்ற இரண்டு சாத்திம் மரங்களின் நிழலே அவரைக் கவர்ந்ததாகக் கூறப்படுகிறது. தமிழில் ஏழிலைப்பாலை என அழைக்கப்படும் மரம்தான் அது. அந்தப் பழைய மரங்கள் இன்று இல்லை. அவ்விடத்தில் புதியவை நிற்கின்றன. ஆனால் பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகளுக்கு அம்மரத்தின் இலைக்கொத்தை வழங்கும் வழக்கம் தொடர்கிறது.

தேவேந்திரநாத் கட்டிய தியான இல்லம், 1901 டிசம்பரில் மகன் ரவீந்திரநாத்தின் பள்ளியாக விரிந்தது. தொடக்கத்தில் ஐந்தே மாணவர்கள். அடுத்த ஆண்டே மனைவி மிருணாளினி காலமானார். 1903-இல் மகள் ரேணுகாவும், 1907-இல் இளைய மகன் சமீந்திரநாத்தும் மறைந்தனர். பள்ளி மூடப்படவில்லை. 1921 டிசம்பரில் விஸ்வபாரதி முறைப்படி தொடங்கப்பட்டது. 1951-இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. பிரதமரே அதன் வேந்தர்.

சுவரில்லா வகுப்பறை என்பது தாகூரின் அடிப்படைக் கொள்கை. பாட பவன் பள்ளியில் ஆசிரியருக்கு மரத்தடியில் ஒரு மேடை. மாணவர்கள் பாய் விரித்துச் சுற்றி அமர்கின்றனர். மழை வந்தால் மட்டுமே கூரை. இக்காட்சியைக் காண விரும்புவோர் முற்பகலிலேயே வந்துவிட வேண்டும். அதே நேரத்தில், அங்கு அமர்ந்திருப்பவர்கள் பாடம் படிக்கும் சிறுவர் சிறுமியர் என்பதை மறந்து கைப்பேசியை நீட்டுவது பல ஆண்டுகளாகவே புகாருக்குரியதாக உள்ளது. ஆசிரமப் பகுதிக்குள் வெளியார் நுழைவதற்கான விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. புறப்படும் முன் பல்கலைக்கழக அறிவிப்பைச் சரிபார்ப்பது அவசியம்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காரணம் உண்டு. 2004 மார்ச் மாதம் ரவீந்திர பவன் அருங்காட்சியகத்தில் இருந்து, 1913-ஆம் ஆண்டின் நோபல் பதக்கம் உள்ளிட்ட அரிய பொருள்கள் திருடப்பட்டன. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தும் பதக்கம் மீட்கப்படவில்லை. நோபல் அறக்கட்டளை பின்னர் மாதிரிப் பதக்கங்களை வழங்கியது. அதன் பிறகு வேலிகளும் காவலும் பெருகின. ஹோலியையொட்டிய வசந்த உற்சவத்தில் கட்டுக்கடங்காத கூட்டம் சேர்ந்ததால், அவ்விழாவும் வெளியாருக்கு மூடப்பட்டது. 2020 ஆகஸ்டில் பௌஷ் மேளா மைதானத்தைச் சுற்றி மதில் எழுப்பும் முயற்சி, எதிர்ப்பாளர்கள் கட்டுமானத்தை இடித்துத் தள்ளியதில் முடிந்தது. சுவர் வேண்டாம் என்று தொடங்கிய கல்விக்கூடத்தில் சுவரைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பார்க்க வேண்டியவற்றுள் முதலிடம் உத்தராயண் வளாகத்துக்கு. ஒரே வீட்டில் நெடுநாள் தங்க விரும்பாத தாகூருக்காக உதயன், கோணார்க், ஷ்யாமலி, புனஸ்ச, உதீசி என ஐந்து வீடுகள் இங்கு எழுந்தன. 1935-இல் கட்டப்பட்ட ஷ்யாமலி முழுக்க மண்ணால் ஆனது, கூரையும் மண்ணே. ஏழைகளுக்குத் தீப்பிடிக்காத மலிவான வீடு சாத்தியமா என்ற சோதனையாகவும் அது அமைந்தது. 1940-இல் காந்தியும் கஸ்தூர்பாவும் அங்குத் தங்கினர். வண்ணக் கண்ணாடிகளால் ஆன, உருவச்சிலை எதுவுமற்ற உபாசனை மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றைச் சுருக்கிக்கொண்டு, கலா பவனுக்கு ஒரு மணி நேரமேனும் ஒதுக்கலாம். நந்தலால் போஸ் வழிநடத்திய இக்கலைக்கூடத்தில் சத்யஜித் ராயும் பயின்றார். ராம்கிங்கர் பைஜ் 1938-இல் உருவாக்கிய ‘சந்தால் குடும்பம்’ இங்குதான் உள்ளது. வேலை தேடிக் குழந்தையுடனும் நாயுடனும் இடம்பெயரும் பழங்குடித் தம்பதி. பளிங்கும் வெண்கலமும் வாங்க வசதியில்லாத நிலையில் சிமென்டையும் செம்பொறைக் கற்களையும் கலந்து அதை வடித்தார். மன்னர்களுக்கும் ஆளுநர்களுக்கும் மட்டுமே பொதுவிடத்தில் சிலை எழுந்த காலத்தில் அது செய்யப்பட்டது என்பதை நினைவில் கொண்டு பார்த்தால் அதன் துணிச்சல் புரியும். அருகிலுள்ள கட்டடத்தின் புறச்சுவர்களைக் கருப்பு வெள்ளை ஓவியங்களால் நிரப்பியவர் கே.ஜி. சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், 1944-இல் இங்கு மாணவராகச் சேர்ந்தார்.

பிற்பகலில் பெரும்பாலோர் செல்வது சோனாஜுரி சந்தைக்கு. செம்மண் அரிப்பால் உருவான கோவாய் ஓடைப்பள்ளங்களை ஒட்டிய மரத்தோப்பில், காந்தா தையல் சேலைகள், பாட்டிக் துணிகள், தோல் பைகள் விற்கப்படுகின்றன. பாவுல் பாடகர்களும் பாடுகின்றனர். சனிக்கிழமைச் சந்தையாகத் தொடங்கிய இது, இப்போது மற்ற நாள்களிலும் நடக்கிறது. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால் அக்டோபர் முதல் மார்ச் வரையே உகந்த காலம். டிசம்பர் பிற்பகுதியில் பௌஷ் மேளா நடைபெறும் நாள்களிலும், ஞாயிறு மாலைகளிலும் கொல்கத்தா திரும்பும் ரயில்களில் இடம் கிடைப்பது அரிது. திரும்பும் பயணச்சீட்டையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.