கடிவாளமும் கையும்

படுவான்கரையில் பிறந்த எனக்குச் சிறுவயதில் மாட்டின் மூக்கணாங்கயிறு தெரியும், கடிவாளம் தெரியாது. வாவிக்கு மேற்கே எங்கள் வயலை உழுததும் வண்டில் இழுத்ததும் மாடுகளே. குதிரையை நான் கண்டது கோயில் வாகனத்தில். கேட்டது வாதவூரர் கதையில்.

பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன வாதவூரர், பொன்னைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டார். இறைவனோ நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்து, மன்னனிடம் 'கயிறு மாறி'க் கொடுத்தார். கயிறு கைமாறிவிட்டால் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. அன்றிரவே பரிகள் நரிகளாயின.

நேயர்களே, சரித்திரம் இதனினும் சோகமானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர் ஒருவரே ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், ஆண்டிறுதியில் 100கூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். குதிரை வைத்தியம் அறிந்தோரை வணிகர் இங்கு வரவிடவில்லையாம். மிகையைக் கழித்துப் பார்த்தாலும் உண்மை ஒன்று மிஞ்சும்: கயிறு மாறியது, கைப்பழக்கம் மாறி வரவில்லை.

அப்பழக்கத்தின் நுட்பத்தைக் கடிவாளத்திலேயே காணலாம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லா இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு தங்குவது அங்கேதான். இரும்பு குறுகினால் கடைவாயைக் கிள்ளும். நீண்டால் வழுகி அலையும். மெலிந்தால் ஈற்றை அறுக்கும். தடித்தால் சிறிய வாய் கொள்ளாது. நடுவில் கணு வைத்த எளிய இரும்பு, இழுத்த அளவே அழுத்தும். பக்கத்தண்டும் தாடைச் சங்கிலியும் உள்ளதோ நெம்புகோல்போலச் சிறு இழுப்பையும் பெருக்கிவிடும். ஆகவே அது பழுத்த கைக்கே உரியது. பழகுகிறவன் கையில் அது கொடுமை.

2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்துச் செனபோன், வழவழப்பானதும் முரடானதுமாக இரு கடிவாளங்கள் வைத்திருக்கச் சொன்னார். முரடானதில் பழகிய குதிரை வழவழப்பானதில் மகிழ்ந்து நடக்கும் என்பது அவர் கணக்கு. கடிவாளத்துக்குத் தமிழில் 'கலினம்' என்றொரு பெயருண்டு. வடமொழி வழியாக வந்த அச்சொல்லின் வேர் கிரேக்கம் என்பர் அறிஞர். சொல் கடல் கடந்து நம்மிடம் வந்துவிட்டது. அதன் பின்னிருந்த கையோ வரவில்லை.

எங்கள் ஊர் வண்டில்காரர் ஒருவர், நான் கயிற்றைச் சுண்டியிழுத்தபோது என் கையைப் பிடித்துத் தளர்த்திவிட்டுச் சொன்னார்: "கயிறு மாட்டுக்கில்ல மனே, உன்ட கைக்குத்தான்."

மார்க்கோ போலோவை அவர் படித்ததில்லை. பாண்டியனின் இலாயத்தில் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.